எட்டடி அறைக்கு ஒரு லென்ஸ்

— அந்தத் தொண்ணூற உள்ள வெச்சிடுங்க சார். அது எனக்கு ஆவாது.

— கொஞ்சம் கேளுங்கோம்மா. கங்காதர நெல்லூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி திருப்பதிக்கு வந்திருக்கேள். ஊர்த் திருவிழா, ஜாத்திரையைப் படம் எடுக்கணும்னு போன்ல சொன்னேள். ஜாத்திரைன்னா தொண்ணூறு எம்.எம். லென்ஸ்தான். நான் பன்னண்டு வருஷமா எடுக்கறேன். எங்கயாவது தள்ளி நின்னுண்டா போறும், அவ்ளோ கூட்டத்துலயும் ஒரே ஒரு முகத்தைப் பிடிச்சுடலாம். நம்மளை யாரும் இடிக்க மாட்டா, மிதிக்க மாட்டா.

— தள்ளி நின்னு எடுத்த படம் நெறைய பாத்துட்டேன். உங்க படமும் பாத்தேன், இன்ஸ்டாகிராம்ல.

— எப்படி இருந்தது?

— நல்லா இருந்துச்சு. எல்லாம் ரோட்டுக்கு அந்தாண்ட நின்னு எடுத்தாப்பல இருந்துச்சு.

— சரிதான். இந்த யதிராஜன் முகத்துக்கு நேரா இதுவரைக்கும் ஒருத்தர் இப்படிச் சொன்னதில்லை.

— கோச்சிக்காதீங்க. நானும் இதே தொழிலுதான். சித்தூர்ல தேன்மொழி ஸ்டுடியோன்னா ஆட்டோக்காரங்களே எறக்கி வுடுவாங்க. ஒம்போது வருசம் கல்யாணம், காதுகுத்துன்னு எடுத்துக்கினு கீறேன். இன்னா வோணும்னு தெரிஞ்சிக்கினுதான் வந்தேன். வைடு லென்ஸ் வோணும். அதுவும் ஃபாஸ்டா, இருட்டுல வெளிச்சத்த நல்லா இழுக்கறதா வோணும். இந்த கேமரா பாடிக்கு சேரணும்.

— எங்க, குடுங்கோ. அட, ரேஞ்ச்ஃபைண்டர். பிலிம் போடறது. இதை எங்க பிடிச்சேள்?

— வேலூர்ல ஒரு டாக்டரம்மா வித்தாங்க. லென்ஸ் இல்லாம, பாடி மட்டும்.

— அமுக்கிப் பாக்கட்டுமா? ம். கேட்டேளா, பல்லி நாக்கைத் தட்டினாப்ல அவ்ளோதான் சத்தம். மத்த கேமரா மாதிரி உள்ள கண்ணாடி எழும்பி விழற வேலை இதுல இல்லை. லென்ஸ் வழியா பாக்கறதில்லையே நாம, பக்கத்துல இந்தச் சின்ன ஜன்னல் வழியான்னா பாக்கறோம்.

— அந்த சத்தத்துக்கோசரம்தான் வாங்கனேன். எங்க ஊரு செல்லியம்மன் கோயில்ல, கும்பம் உள்ள போனதுலருந்து எறக்கி வெக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாது. பறை நின்னுடும், பம்பை நின்னுடும். கொழந்த அழுதா தூக்கினு வெளிய போயிடுவாங்க. அந்த நேரத்துல டப்பு டப்புன்னு தட்டினா அவ்ளோதான், ஆள வெளிய தள்ளிக் கதவ சாத்திடுவாங்க.

— புரியறது. உள்ள வெளிச்சம் எவ்ளோ?

— ஒரே ஒரு வெளக்கு. கரெண்ட ஆஃப் பண்ணிடுவாங்க. ஜன்னல் கெடையாது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நடக்கறதுதான், ஆனா உள்ள பகல் வராது.

— நெய் விளக்கா, நல்லெண்ணெயா? திரி எத்தனை?

— இன்னா சார் கேள்வி இது.

— இதைத்தாம்மா மொதல்ல கேக்கணும். தினமும் காலம்பற சன்னிதியில கோஷ்டியோட நின்னுண்டு பாசுரம் சேவிக்கறவன் நான். எங்கப்பாவும் அதேதான், தாத்தாவும் அதேதான். அங்க கேமராவை மனசால கூட நெனைக்கப்படாது. ஆனா கண்ணு சும்மா இருக்கமாட்டேங்கறதே. ரெண்டு திரி நெய்விளக்குன்னா எவ்ளோ ஷட்டர், ஒத்தைத் திரி நல்லெண்ணெய்ன்னா எவ்ளோ ஷட்டர்னு வாய் பாசுரம் சொல்லும், மண்டை கணக்குப் போடும். பெருமாள் மன்னிச்சுடுவார்.

— நல்லெண்ண. ரெண்டு திரி. பூசாரிகிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன்.

— அப்படின்னா நானூறு ஸ்பீடு பிலிமை ஆயிரத்தறுநூறு ஸ்பீடா நெனச்சு எடுத்து, அதுக்கேத்தாப்ல கூடுதலாக் கழுவணும். லென்ஸ் வாயை ஒன் பாயிண்ட் ஃபோருக்குத் தொறந்து வச்சா செகண்டுல பதினஞ்சுல ஒரு பங்கு கிடைக்கும். டூ வரைக்கும்தான் தொறக்கற லென்ஸ்னா எட்டுல ஒரு பங்குக்கு எறங்கிடும். ஆளு லேசா அசைஞ்சாலே முகம் கரைஞ்சுடும்.

— நான் போட்ட கணக்கும் அதான். அறை எட்டடிக்கு ஆறடி. எம்.ஆர்.ஓ. மேடம் டேப்பு வெச்சி அளந்து சொன்னாங்க.

— எம்.ஆர்.ஓ.வா? கோயில் கருவறையை மண்டல் தாசில்தார் எதுக்கு அளக்கறா?

— சொன்னாதான் உங்களுக்குப் புரியும். எங்க காலனி கும்பம் எப்பவும் கோயிலுக்கு வெளிய, வேப்பமரத்தாண்ட எறக்கி வெச்சிட்டுத் திரும்பிடணும். உள்ள வரக்கூடாது. எங்க நைனா நாப்பது வருசம் அந்த மரத்தாண்ட நின்னு பறை அடிச்சாரு. சின்னப் புள்ளயா இருக்கச் சொல்ல கேட்டேன், நைனா, உள்ள அம்மன் எப்டி இருப்பான்னு. எண்ண வாசன வரும்மான்னாரு. அவருக்குத் தெரிஞ்சது அவ்ளோதான் சார். அத்த நெனச்சா இன்னிக்கும் எனக்குக் கோவம் வரும். இந்த வருசம் மண்டல் ஆபீசுல மூணு தபா மீட்டிங் போட்டு, ஊர்த்தெரு, காலனி ரெண்டும் கையெழுத்து வெச்சிருக்குது. எங்க கும்பம் உள்ள போவுது. ஒரே கும்பம், ஒரே ஆளு. வர்ற செவ்வாக்கெழம.

— ம்.

— இப்ப சொல்லுங்க. தொண்ணூறு வோணுமா எனக்கு?

— உள்ள வச்சுப் பூட்டிட்டேன்.

— செரி.

— ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. பிலிம் எதுக்கு? கையில போன் இருக்கு. நல்ல டிஜிட்டல் கேமராவும் வச்சிருப்பேள்.

— வேற ஒரு ஊர்ல எங்காளுங்க இதே மாதிரி உள்ள போனாங்க. போன்லதான் எடுத்தாங்க. அடுத்த வருசம் ஊர்த்தெருக்காரங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? நீங்க எங்க வந்தீங்க, அது கம்ப்யூட்டர்ல பண்ண படம், ஏஐ-ல யாரு வோணும்னாலும் யாரு வீட்லயும் நிக்கலாம்னுட்டாங்க. மறுபடியும் மரத்தாண்ட போய் நின்னாங்க. நெகட்டிவ் அப்டியில்ல. முந்தின படம், பிந்தின படம், எல்லாம் ஒரே ரோல்ல வரிசையா கீது. நடுவுல கொண்டாந்து யாரு ஒட்டறது?

— நல்ல யோசனை. நேக்குத் தோணியிருக்காது.

— பேப்பர்லயே எழுதி வாங்கிட்டேன். போனெல்லாம் வாசல்ல கான்ஸ்டபிள்கிட்ட குடுத்துடணும். உள்ள ஒரே ஒரு கேமரா. ஃப்ளாஷ் கெடையாது. இப்ப லென்ஸ எடுங்க.

— மூணு இருக்கு. முப்பத்தஞ்சு, இருபத்தெட்டு, இருபத்தொண்ணு. மூணுமே ஒன் பாயிண்ட் ஃபோர். என்னைக் கேட்டா முப்பத்தஞ்சுதான். கண்ணு பாக்கறாப்பலயே வரும்.

— பத்தாது. எனக்கு நாலும் ஒரே படத்துல வோணும். அம்மன் மூஞ்சி, வெளக்கு, கும்பம், தூக்கனவ மூஞ்சி. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வாசல்ல நின்னு எடுத்துட்டு கத சொல்றாங்கன்னுடுவாங்க. முப்பத்தஞ்சு வெச்சா ஒண்ணு அம்மன் போயிடும், இல்ல கும்பம் போயிடும்.

— அப்ப இருபத்தொண்ணு. அறை மொத்தமும் விழும், எலி ஓடினாலும் விழும்.

— அது ஓரத்துல இழுக்கும் சார். ஓரத்துல நிக்கறவ தல பூசணிக்கா ஆயிடும். எங்காளுங்க மொதமொறையா உள்ள போற படத்துல தல பூசணிக்காயாவா இருக்கணும்? அதும் இல்லாம இருபத்தொண்ணுக்கு மேல தனியா ஒரு வ்யூஃபைண்டர் மாட்டணும். ஒரு ஜன்னல்ல ஃபோகஸ் பாக்கணும், இன்னொரு ஜன்னல்ல ஃப்ரேம் பாக்கணும். கும்பத்த தலயிலருந்து எறக்கறதே அஞ்சு செகண்டு.

— பேஷ். நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டேள். அப்ப இருபத்தெட்டு.

— இருபத்தெட்டுதான். வாங்க வரும்போதே மனசுல அதான். நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாத்தேன்.

— பரீட்சை வச்சேளாக்கும். ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்கோ. இந்த ரேஞ்ச்ஃபைண்டர்ல எழுபது சென்டிமீட்டருக்குக் கிட்ட போனா ஃபோகஸ் கிடைக்காது. ஒன்றரை முழம். அதுக்குக் குறையப்படாது.

— நீங்களே மாட்டிப் பாருங்க. அந்த செவுத்தாண்ட நான் நிக்கறேன். அம்மன் எனக்கு இந்தப் பக்கம் கீறான்னு வெச்சிக்கங்க. அந்தக் கொடத்த எடுத்துக்கட்டுமா?

— ஜாக்கிரதை. தண்ணி ரொப்பி வச்சிருக்கு.

— இத்தவிட கனமெல்லாம் தூக்கியாச்சு. ம். தலயில வெச்சிட்டேன். கண்ணாடி போட்டுக்கினே பாக்கறீங்களே, ஃப்ரேமோட ஓரத்துக் கோடு தெரியுதா?

— இருபத்தெட்டுக்குக் கண்ணைக் கொஞ்சம் உருட்டித்தான் பாக்கணும். நேக்குப் பழக்கம்.

— ஏன் சார் பின்னாடியே போறீங்க?

— போறேனா?

— போய்க்கினே கீறீங்க. எட்டடி அறைல நீங்க இப்ப செவுத்துக்கு வெளிய நிக்கறீங்க. கிட்ட வாங்க.

— வந்தேன்.

— இன்னும். அங்க நாலு பேரு நெருக்கிக்கினு நிப்பாங்க. என் தோளு மேல பட்டா பரவால்ல, வாங்க.

— வந்தாச்சு. ஒன்றரை முழம் சரியா இருக்கு. ஜன்னல்ல ரெண்டு பிம்பமும் ஒண்ணா சேர்ந்துடுத்து, ஃபோகஸ் ஆயாச்சு. உங்க முகம், குடம், செவுத்துல மாட்டின பெருமாள் படம், எல்லாம் உள்ள இருக்கு. யாரு தலையும் பூசணிக்காயா ஆகலை.

— எறக்கறேன். பதினஞ்சுல ஒண்ணு வெச்சித் தட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

— மூணு எடுத்தேன். கை கல்லு மாதிரி இருந்தது, பாத்தேளா?

— பாத்தேன். லென்ஸ் மூடி மாட்டிக்கினே கீது சார்.

— ஐயோ.

— பக்கத்து ஜன்னல்ல பாக்கறமே, எப்டி தெரியும். நானும் ஒரு தபா பண்ணேன்.

— நீங்க ஒரு தடவை. நான் என் மச்சினன் கல்யாணத்துல முப்பத்தாறு படமும் அப்படித்தான் எடுத்தேன். மாங்கல்யதாரணம், சப்தபதி, எல்லாம் ஒரே கறுப்பு. ஆத்துல நாலு மாசம் என்னோட யாரும் பேசலை. இந்த ஜன்னல் கேமரா வச்சிருக்கறவன் ஒருத்தன்கூட இதுலேர்ந்து தப்பிக்கறதில்லை.

— அந்த மூடிய இப்டி குடுங்க. எங்கிட்டயே இருக்கட்டும். இனிமே இந்த லென்ஸுக்கு மூடியே வோணாம்.

— தூசி படும்மா.

— செவ்வாக்கெழம வரைக்கும் படட்டும். அப்புறம் தொடச்சிக்கலாம். மறுபடியும் ஒரு தபா எடுங்க. நான் கொடத்தத் தூக்கறேன்.

— நீங்க எடுத்துப் பாக்க வேண்டாமா? உங்க கைக்கு ஃபோகஸ் வளையம் எப்படி திரும்பறதுன்னு பாக்கணுமே.

— நீங்க எடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு.

— நாலு. நாலாவது நிச்சயமா பிரமாதம். நீங்க குனிஞ்சேள், குடம் நெத்திக்கு நேரா வந்தது, அப்பத் தட்டினேன். பிலிம் இல்லாமப் போச்சே.

— எனக்குப் போதும். பேக் பண்ணிடுங்க. பில்லுல தேன்மொழி ஸ்டுடியோன்னு போடுங்க.

— இதோ. துணில சுத்தித் தரேன். பூசாரி ஆரத்தி காட்டறச்சே வெளிச்சம் திடீர்னு ஏறும், அதுக்கு மயங்கிடாதீங்கோ. விளக்குக்கு வச்ச கணக்குலயே நில்லுங்கோ. கிட்ட வரதுக்குக் கூச்சப்படப்படாது. மூச்சை விட்டுட்டுத் தட்டணும், இழுத்துண்டு தட்டப்படாது.

— இதெல்லாம் மனசுல வெச்சிக்கினீங்கல்ல?

— நானா? நான் உங்களுக்குன்னா சொல்றேன்.

— செவ்வாக்கெழம ஒரு நாளு உங்க கோஷ்டிக்கு லீவு சொல்ல முடியுமா சார்?

— எதுக்கு?

— எங்க ஊருக்கு வரத்துக்கு. லென்ஸ் என்னுது, பாடி என்னுது. எடுக்கப் போறது நீங்க. வெளக்கு வெளிச்சத்த கண்ணாலயே அளக்கத் தெரிஞ்சி, சாமி முன்னாடி சத்தம் காட்டாம நிக்கத் தெரிஞ்ச ஆளு எனக்கு வேற யாரு கீறாங்க? கிட்ட வர மாட்டீங்களோன்னுதான் ஒரே யோசனையா இருந்துச்சு. வந்துட்டீங்க.

— விளையாடாதீங்கோம்மா. ஒம்போது வருஷம் ஸ்டுடியோ நடத்தறவ நீங்க. ஜென்மத்துலயே இதைவிடப் பெரிய படம் உங்களுக்கு வரப்போறதில்லை. அதைக் கொண்டுவந்து இன்னொருத்தன் கையில குடுப்பாளா? நீங்க ஏன் எடுக்கப்படாது?

— நான் எப்டி சார் எடுக்கறது. அந்த நேரத்துல என் ரெண்டு கையும் கும்பத்தப் புடிச்சிக்கினு இருக்கும்.