எண்பதுல ஆடுது

...அதைத்தான் சார் நானும் கேக்கறேன். காரு பார்ட்டு வர்ற பெட்டிமேல ஒரிஜினல்னு அச்சடிச்சிருந்தா உள்ள இருக்கறது ஒரிஜினல் ஆயிடுமா? என் நெத்தியில டாக்டர்னு எழுதி ஒட்டிக்கிட்டா நான் உங்களுக்கு ஊசி போட்டுடலாமா? உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடுது. இப்படி என் பக்கத்துல வாங்க. உங்க காருக்கு என்ன, பேட்டரிதானே? கொடுத்து வச்சவர் சார் நீங்க. பழசைக் கழட்டினான், புதுசை மாட்டினான், போய்ட்டே இருப்பீங்க.

என்னுது அதோ, கண்ணாடி வழியாத் தெரியுதே, லிஃப்ட்டுல தூக்கி வச்சிருக்காங்களே, கருநீலம். பாத்தா என்ன தோணுது? நாலு கதவு, பின்னாடி டிக்கி, ஏதோ ஆபீசர் வண்டி மாதிரி அடக்க ஒடுக்கமா இருக்கும். ஒரு மிதி மிதிச்சீங்கன்னா அப்பத் தெரியும் அது யாருன்னு! பதினாறு வயசு. பெத்த புள்ளைங்களக்கூட நான் இப்படித் தொடச்சதில்லைன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா... என்னது? வித்துட்டுப் புதுசு வாங்கறதா? நல்லா இருக்கே! பல்லு ஆடுதுன்னா தலையையா சார் மாத்துவீங்க?

என்ன கோளாறுன்னு கேளுங்க. எண்பதுல ஆடுது. அறுபது வரைக்கும் பூ மாதிரி போகும். எழுபத்தஞ்சுல லேசா ஒரு நடுக்கம். எண்பதத் தொட்டுச்சோ, ஸ்டீயரிங்கு குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி கிடுகிடுகிடுன்னு... என் வீட்டுக்காரி பக்கத்துல உக்காந்திருந்தா அவ கை வளையலெல்லாம் கிணுகிணுன்னு சத்தம் போடும். "மீட்டரே வேண்டாங்க, என் வளையல் பேசினா எண்பது"ங்கறா. நக்கலு! இப்ப அவளும் ஏறறதில்ல. ஆபீசுக்கு பஸ்ல போறா. வாசல்ல அப்பேர்ப்பட்ட காரு நிக்குது, அவ பஸ் ஸ்டாப்புல நிக்கறா.

ஏன் ஏறறதில்லைன்னா... அது ஸ்பிரிங்கு மாத்தின கதை. இந்த மாடல் வச்சிருக்கறவங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப்பு இருக்கு சார். முந்நூறு பேரு. முந்நூறும் பழம் தின்னு கொட்டை போட்டவனுங்க! ஆடுதுன்னு ஒரு வரி போட்டேன். அவ்ளோதான். ஒருத்தன் ஷாக் அப்சார்பர்ங்கறான். ஒருத்தன் சக்கரத்தைத் தாங்கற லோயர் ஆர்முல இருக்கற ரப்பர் புஷ்ஷுங்கறான். ஒருத்தன் பிரேக் டிஸ்க் வளைஞ்சிருக்குங்கறான். இன்னொருத்தன் இருக்கான், காரை வித்து அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் குரூப்பை விட்டுப் போகல, அவன் சொல்றான், "மாத்தறதே மாத்தறீங்க, கம்பெனி ஸ்பிரிங்கு எதுக்கு, ரேஸ் ஸ்பிரிங்கு போடுங்க"ன்னு. போட்டேன். காரு மூணு விரக்கடை கீழ இறங்கிச்சு. பாக்க, அடடா, புலி பதுங்கின மாதிரி! ஆனா ரோட்டுல கெடக்கற தீக்குச்சி மேல ஏறினாக்கூட எந்தப் பக்கம் மருந்து இருக்குன்னு முதுகுத்தண்டு சொல்லிடும். ஒரு வேகத்தடை, ஒரே ஒரு வேகத்தடை, என் வீட்டுக்காரி நாக்கைக் கடிச்சுக்கிட்டா. அன்னிலேர்ந்து பஸ்ஸு.

ஆட்டம் நின்னுச்சாங்கறீங்களா? எங்க நின்னுச்சு! அப்புறம் டிஸ்க் மாத்தினேன், ஓட்டை போட்ட டிஸ்க்கு, சூடு தங்காதாம். புஷ்ஷெல்லாம் எடுத்துட்டு ரப்பருக்குப் பதிலா ஏதோ சிவப்பா, கெட்டியா ஒண்ணு போட்டேன். இப்ப திருப்பினா கிழவன் மூட்டு மாதிரி கீச்சுகீச்சுங்குது. என்ஜினைத் தாங்கற மவுண்ட்டு மாத்தினேன். சைலன்சர்... சைலன்சருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லதான், ஒத்துக்கறேன். கடைக்காரன் கண்ணாடிக்குள்ள வச்சிருந்தான், பளபளன்னு இருந்துச்சு. நாலு இடத்துல வீல் பேலன்சிங் பாத்தாச்சு சார். நாலு மிஷினும் ஒரே மாதிரி, எல்லாம் சரியா இருக்குங்குது. மிஷின்ல ஆடல, ரோட்டுல ஆடுது! இதுக்கு என்ன சொல்றீங்க?

நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க. சாமர்த்தியம்.

இதுக்கெல்லாம் மூல காரணம் யாரு தெரியுமா? எங்க அத்தான். ஆமா சார், கூடப் பொறந்த அக்கா வீட்டுக்காரர். அவரும் மெக்கானிக்குதான். சொந்த ஷெட்டு. இந்தக் காரை வாங்கின நாள்லேர்ந்து அவர் கைதான் பட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஷெட்டைப் பூட்டிட்டு எனக்காக மட்டும் திறப்பாரு. பைத்தியம் மாதிரி ஒரு போல்ட்டை மூணு தடவை துடைச்சு மாட்டுவாரு. வாயத் திறக்க மாட்டாரு. கேட்டா "ம்"பாரு. ஒண்ணு "ம்", இல்லேன்னா "பாப்போம்". அவ்ளோதான் அவருக்குத் தெரிஞ்ச பாஷை.

போன வருஷம் லோயர் ஆர்ம் ரெண்டும் தேஞ்சு போச்சுன்னு மாத்தினாரு. எட்டு மாசம் இருக்கும். ஒரிஜினல் பார்ட்டுதான் வாங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவர் மாத்திக் கொடுத்தாரு, அந்த வாரமே ஆட ஆரம்பிச்சுது. அந்த வாரமே சார்! வேற என்ன நெனப்பீங்க? டியூப்ளிகேட்டைப் போட்டுட்டாருன்னுதானே நெனப்பீங்க? நான் நெனச்சேன். நெனச்சதோட விட்டேனா... நேரா ஷெட்டுக்குப் போனேன். நல்ல வேலை நேரம். அவர்கிட்ட வேலை செய்யறவங்க மூணு பேரு, வண்டியை ரிப்பேருக்கு விட வந்தவங்க ரெண்டு பேரு. எல்லார் முன்னாடியும் கேட்டேன். "ஒரிஜினலை எவன் காருக்கு மாட்டினீங்க? மச்சினன்தானே, கேக்க மாட்டான்னு நெனச்சீங்களா?"ன்னு.

அவர் என்ன செஞ்சாரு? பரண் மேலேர்ந்து பார்ட்டு வந்த காலிப் பெட்டியை எடுத்து மேசை மேல வச்சாரு. அவ்ளோதான். பெட்டி! அதனாலதான் கேட்டேன், நெத்தியில டாக்டர்னு எழுதினா ஆயிடுமான்னு. வண்டி விட வந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் சாவியைத் திரும்ப வாங்கிட்டுப் போய்ட்டான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? என் வாயா அவனைக் கூப்பிட்டுப் போச்சு?

சாயங்காலம் எங்க அக்கா போன் பண்ணா. அழல. அழுதிருந்தாக்கூட பரவால்ல. "இனிமே அந்தக் காரு என் வாசல்ல நிக்கக் கூடாது"ன்னா. காரு நிக்காத வாசல்ல நானும் நிக்கலைன்னு சொல்லிட்டேன். ரோஷம் இருக்குல்ல? எட்டு மாசம் ஆச்சு. அவளும் பேசல, நானும் பேசல. நடுவுல அவளுக்குக் கண்ணுல ஏதோ ஆபரேஷன்னு... என் வீட்டுக்காரிதான் போய்ப் பாத்துட்டு வந்தா. பஸ்ல.

சரி, அதை விடுங்க. இந்த ஷெட்டு நல்லா இருக்குன்னு குரூப்புல சொன்னானுங்க, வந்தேன். வந்து பாத்தா மெக்கானிக்கு யாருங்கறீங்க? அதோ, முடியை ஒட்ட வெட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் கருப்பா, அந்தப் பொண்ணு! நான் இந்த மாடலைப் பத்திப் படிக்க ஆரம்பிச்ச வருஷம் அதுக்குப் பால் பல்லு விழுந்திருக்கும். நான் மாத்தின பார்ட்டெல்லாம் வரிசையா சொல்றேன், காது கொடுத்துக் கேக்குதா? கேக்கல. வீலையே சுத்திச் சுத்தி வருது. கழட்டுது, மாட்டுது, கழட்டுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான்... பாருங்க, பாருங்க, கையில ஏதோ அளவுகோல் மாதிரி வச்சிக்கிட்டு இந்தப் பக்கம்தான் வருது.

என்னம்மா? ஆங்... சொல்லும்மா. இந்த அலாய் வீலா? இது கம்பெனி வீலு இல்ல, நான் தனியா வாங்கிப் போட்டது. நல்லா இருக்குல்ல? எப்பவா? அது இருக்கும்... எட்டு மாசம். எங்க அத்தான் வேலை செஞ்சு கொடுத்தாரே, அதுக்கு மறுநாள்...

மறுநாள்.

சார், நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்க உங்க கையில இருக்கற புத்தகத்தையே பாருங்க.

என்னம்மா, வளையமா? நடுவுலயா? இரு, புரியற மாதிரி சொல்லு. வீலுக்கு நடுவுல இருக்கற ஓட்டை பெருசு... காரோட அச்சு சின்னது... அந்த இடைவெளியை அடைக்க வளையம் வரும், அது இல்லாம வீலு ஒரு மயிரிழை தள்ளி உக்காந்துடுச்சு... மிஷின்ல வேற மாதிரி பிடிக்கறதால அங்க தெரியாது... எண்பதுலதான் தெரியும். ம். ம். வீலோட வந்திருக்கணுமா? வந்துச்சு... வந்துச்சும்மா. ஒரு கவர்ல நாலு இருந்துச்சு. பிளாஸ்டிக்கு. பால் டப்பா மூடி மாதிரி. இப்பேர்ப்பட்ட காருக்குப் போய் பிளாஸ்டிக்கான்னு நாந்தான்... குப்பையில போட்டேன். வீல் கடையில மாட்டினவன்கூடக் கேட்டான், இது வேண்டாமான்னு. "உன் வேலையைப் பாருப்பா"ன்னேன். உன்கிட்ட அந்த அளவு வளையம் இருக்கா? மாட்டு, மாட்டு. போய் ஓட்டிப் பாரு. நான் வரலம்மா. நீயே போய்ட்டு வா.

...

சார், ஒண்ணு சொல்லட்டுமா. அன்னிக்கு ஷெட்டுல நான் கத்தினேன்ல, அப்ப அவர் பெட்டியை மட்டும் வைக்கலை. ஒரு வார்த்தையும் சொன்னாரு. "புது வீலைக் கழட்டிட்டுப் பழசைப் போட்டு ஒரு தடவை பாப்போம்"னாரு. பத்து நிமிஷ வேலை. நான் என்ன சொன்னேன்? "உங்க திருட்டை மறைக்க என் வீலு மேல பழி போடாதீங்க"ன்னேன். திருட்டுன்னே சொன்னேன் சார். அந்த வார்த்தைதான். அதுக்கப்புறம்தான் சாவியை வாங்கிட்டுப் போனான் அந்த ஆளு.

இதை நான் என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லல. அவர் பதில் பேசாம நின்னாருன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்.

அதோ வந்துடுச்சு பொண்ணு. இருங்க. என்னம்மா? ஆடலையா? எண்பதுல? நூறுலயுமா? ஒரு கையால பிடிச்சு... சரி. சரிம்மா. இல்ல, வேற ஒண்ணும் பாக்க வேண்டாம். ஆங்? அந்த ரேஸ் ஸ்பிரிங்கையா? ஆமா, எடுத்துடு. பழசே போட்டுடு. வீட்டுல இருக்கு, நாளைக்குக் கொண்டாரேன். வீட்டுல ஒருத்தி ஏறணும்.

எட்டு மாசமா எதையெல்லாம் கழட்டியிருக்கேன் பாருங்க சார். கழட்ட வேண்டியது என்... உங்க வண்டி ரெடியா? கூப்பிடறாங்களா? ஒரு ரெண்டு நிமிஷம் இருங்களேன். ஒரு போன் பண்ணணும், பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா தேவலை. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், இவ்ளோ நேரம் இருந்த மாதிரியே... சரி, சரி, ஆபீசுக்கு நேரமாச்சா. போய்ட்டு வாங்க. அந்தப் பக்கம் கதவு இழுக்கணும் சார், தள்ளினாத் திறக்காது.

போய்ட்டாரு.

நம்பர் என்னவோ மனப்பாடம்தான்... ரிங்கு போகுது. எடுக்க மாட்டா. எடுத்தாலும்... ஹலோ. அக்கா, நான்தான்... அத்தானா? அக்கா போனு உங்ககிட்டயா? இல்ல, வைக்காதீங்க! வைக்காதீங்க அத்தான். யாருக்கும் ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்காங்க. காரு... காரு இப்ப ஆடல. வீலு. ஆமா, நடுவுல வளையம். நான் குப்பையில போட்டேன்.

அத்தான்? என்ன வளையம்னு கேக்கறீங்களா?

...ம். பிளாஸ்டிக்குதான் போட்டிருக்கா அந்தப் பொண்ணு. அலுமினியம் போடணுமா? பிரேக் சூட்டுல இளகிடுமா? சரி. ஞாயித்துக்கிழமையா? வர்றேன், வர்றேன்... இல்ல, இருங்க அத்தான், அது அப்புறம். இப்ப ஷெட்டுலயா இருக்கீங்க? வேலை செய்யறவங்க மூணு பேரும் இருக்காங்களா? வண்டி விட யாராவது வந்திருக்காங்களா? ஒருத்தர் இருக்காரா. நல்லது. போனை ஸ்பீக்கர்ல போடுங்க. போடுங்க அத்தான், பாப்போம்னு சொல்லாதீங்க. நல்லாச் சத்தமா வைங்க.

போட்டாச்சா? எல்லாருக்கும் கேக்குதா?