பூக்குழிக்கு விறகு

எங்கள் பக்கம் நல்ல விறகு கிடைப்பது இப்போது பெரிய பாடு, சார்ஜன். சுற்றிலும் மரமாகத்தான் தெரியும். ஆனால் எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை, விறகுக்கு ஆகாது. புகையும், கரி நிற்காது. தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் வெட்டிப் போட்ட பால்மரக் கட்டையே போதுமாக இருந்ததாம். பிறகு கடலோரச் சேற்றில் நிற்கும் பாக்காவ் மரத்தை வெட்டினார்கள். அதற்கும் இப்போது பெர்மிட் வேண்டும். ஆகவே மாரியம்மன் கோயில் தீமிதிக்கு விறகு தேடுவதே தனி வேலை. ஆறு வருஷமாக அந்த வேலையை நான் பார்க்கிறேன்.

குழி வளர்ப்பதும் நான்தான். மத்தியானம் பன்னிரண்டுக்குக் கொளுத்தினால் ஐந்து மணிக்குக் கரி சமமாக இருக்க வேண்டும். அந்த அனலில் நிற்க வேறு யாரும் முன்வருவதில்லை. எனக்கு அது பழகிவிட்டது. ஐந்தாம் படிவத்தில் பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தேன். அதையும் விட்டேன். இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் போகிறேன். குழி ஒன்றைத்தான் விடாமல் செய்து வந்தேன்.

மண்டோர் சேது கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் தலைவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக நிற்பார். என் அப்பாவுக்குப் பாடை கட்டியதும் அவர்தான். இருபத்திரண்டு வருஷம் கரகம் தூக்கிக் குழியில் முதலில் இறங்கியவர். மற்றவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அவர் மட்டும் கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் மெதுவாக நடப்பார். அதில் அவருக்குப் பெருமை.

நாலு வருஷத்துக்கு முன் என் அக்கா கண்மணி குழி இறங்கினாள். கோலா குபு பாருவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. குமரவேல் என்று பெயர், அரசாங்க ஆபிசில் வேலை. நல்லபடியாக அமைந்ததற்கு வேண்டுதல். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள். பாதிக் குழியில் கத்தினாள். இரண்டு பேர் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். வலது பாதத்தில் தோல் கழன்று தொங்கியது.

மண்டோர் கையில் மைக் இருந்தது.

"அம்மாகிட்ட பொய் செல்லாது லா. ஒடம்பு சுத்தம், மனசு சுத்தம். ரெண்டுல ஒண்ணு இல்லன்னா பூவு நெருப்பாத்தான் இருக்கும். பொம்பளப் புள்ளைங்க யோசிச்சு எறங்கணும்."

பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த வாரம் டீக்கடையில் ஒருவன் கேட்டான். "என்னடா விமலா, ஒங்க அக்காவுக்கு பூ குத்திருச்சாமே? யாரு குடுத்த பூவாம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். "பொண்ணு மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா அம்மாவே காட்டிக் குடுத்த பிறகு நாங்க என்ன செய்யறது?" அவ்வளவுதான். அக்கா மூன்று மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிறகு கலும்பாங்கில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளாக வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஊர்ப் பக்கம் வருவதில்லை.

நான் அவசரப்படவில்லை. மூன்று திருவிழா பார்த்தேன். மண்டோர் மட்டும் ஒவ்வொரு வருஷமும் மெதுவாக நடந்து போனார்.

இந்த வருஷம் டிராக்டர் கொட்டகையிலிருந்து நட்டு, போல்ட்டு, வாஷர் என்று இரண்டு பிஸ்கட் டின் நிறையச் சேர்த்தேன். கரியின் சூடு மேலோட்டமானது. கால் பட்டு எடுக்கும் நேரத்துக்குள் ஒன்றும் ஆகாது. இரும்பு அப்படியில்லை, தொட்டதும் கொடுத்துவிடும். இது எனக்கு முன்பே தெரியும். கட்டை எரியும்போதே போட்டுவிட்டேன். கரியைப் பரப்பும்போது, மிதித்து முடித்தவர்கள் கால் நனைக்கும் பால் குழிக்கு முந்திய கடைசிப் பகுதிக்கு இழுத்து, மேலே சாம்பல் தூவினேன். அங்கே போனவர்கள் திரும்ப முடியாது. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார்.

மண்டோர் மஞ்சள் வேட்டியில் வந்து குழி ஓரம் நின்றார்.

"டேய் விமலா, கட்டையில ஆணியெல்லாம் புடுங்கிட்டியா?"

"புடுங்கிட்டேன் மண்டோர்."

"ஒன்ன நம்பித்தான்டா எறங்குறோம்."

அவருக்குச் சர்க்கரை வியாதி. ஐந்தாறு வருஷமாகக் காலில் உணர்ச்சி குறைவு. செருப்பு கழன்றுபோனாலும் தெரியாமல் நடப்பார். நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் கணக்கில் இருந்தது. அவர் வழக்கம்போல மெதுவாக நடந்தார். கடைசிப் பகுதியில் இன்னும் மெதுவாக. பால் குழியில் இறங்கி நின்று சிரித்தார். பால் சிவந்ததை அவருக்கு முன்னால் மற்றவர்கள் பார்த்தார்கள்.

அவருக்குப் பின்னால் பதினொரு பேர். ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு வரும் வரிசை, நிறுத்த முடியாது. நிறுத்தவும் இல்லை. அதில் அன்பரசி என்று ஒரு பெண். குழந்தைக்கு இருதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக இறங்கினாள். அவள் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. விரதத்தில் என்ன செய்தாள் என்று மாமியார் வீட்டில் இப்போது தினமும் கேட்கிறார்களாம். கேள்விப்பட்டேன்.

குழியை யாரும் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் சுட்ட காலைத்தான் பார்ப்பார்கள். மறுநாள் காலை சாம்பலை அள்ளினேன், இரும்பைப் பொறுக்கிக் கழுவினேன், கொட்டகையில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். மண்டோர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விரதத்துல ஒரு நாள் பேத்தி பெர்த்டேடா. கேக்கு ஊட்டி விட்டுச்சு. முட்ட போட்டதுன்னு தெரியும், தின்னுட்டேன். அதுதான் இருக்குமோ?"

"இருக்கும் மண்டோர்."

"பதினோரு பேரும் என்னாலதான்டா. முன்ன போனவன் நான்தானே." அழுதார். நான் ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இருந்து யோசிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"இருவத்திரண்டு வருஷம் கரகம் எடுத்தவரு, அவருக்கே இப்படின்னா உள்ள என்னமோ இருக்கு லா" என்று டீக்கடையில் பேசினார்கள். அதே கடை, அதே ஆட்கள். அன்று இரண்டு டீ குடித்தேன்.

அதன் பிறகுதான் கலும்பாங் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இரும்பு கெடந்தா இப்படிச் சுடும்னு ஒனக்கு யாருடா சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா."

"நான் எறங்குன வருஷம் என்ன கட்ட போட்ட?"

"பேலட்டு, சாமான் அடுக்குற பலகை. ஃபேக்டரி பின்னாடி தூக்கிப் போட்டிருந்தாங்க."

"ஆணி?"

"ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்தேன்கா. ரெண்டு நாள் தூக்கமில்ல. கொஞ்சம் புடுங்குனேன்."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மறுநாளு. சாம்பல் அள்ளும்போது."

அவள் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "நாலு வருஷமா நான் என்ன தப்பு செஞ்சேன்னு ஒவ்வொரு நாளா எண்ணிப் பாத்துக்கிட்டிருந்தேன்டா, தம்பி" என்றாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள்.

உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தது அவள்தான் என்று தெரியும். அவள் மேல் வருத்தமில்லை. எழுதிக்கொள்ளுங்கள். இந்த வருஷம் இரும்பு போட்டது நான். பன்னிரண்டு பேர். தெரிந்து, யோசித்துச் செய்தேன். நாலு வருஷத்துக்கு முந்தியதை இதோடு சேர்க்காதீர்கள். அது தூக்கக் கலக்கம். அக்காவின் வாழ்க்கையைக் கெடுத்தது அந்த மைக்கில் பேசியவர்தான். அந்த வருஷமும் குழி ஓரம் நின்று, ஆணியெல்லாம் புடுங்கிட்டியா என்று என்னைக் கேட்டார். புடுங்கிட்டேன் என்றேன். அவர் நம்பியிருக்கக் கூடாது, சார்ஜன்.