ஐந்தின் சராசரி

சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி ஊரே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடும். நான் போனதில்லை சார். சாரல் அடித்தால் ரப்பர் ஈரம் குடிக்கும், ரப்பர் ஈரம் குடித்தால் என் புள்ளிகள் ஆடும். எனக்கு ஆடியும் ஆவணியும் பல வருஷமாக அந்தக் கவலையிலேயே போய்விட்டன.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஏட்டையா நல்ல மனுஷர்தான். ஆனால் சொன்னதை முன்னும் பின்னுமாக எழுதுகிறார். எனக்கு அது ஆகாது.

என் பெயர் கோமதிசங்கர். செங்கோட்டை ரோட்டில் முகம்மது இஸ்மாயில் முதலாளியின் பட்டறையில் தரம் பார்க்கிறவன். குக்கர் மூடியில் இருக்கும் சின்ன ரப்பர் வால்வைத்தான் நாங்கள் செய்கிறோம். விசில் வழி அடைத்துக்கொண்டால் உள்ளே ஆவி ஏறும். ஒரு அளவுக்கு மேல் ஏறினால் இந்த வால்வு தானாகப் பிய்த்துக்கொண்டு ஆவியை வெளியே விட வேண்டும். விசில் ஒழுங்காக வருகிற வரைக்கும் இதற்கு வேலையே கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மணிக்கு ஒரு தடவை ஐந்து வால்வு எடுப்போம். ஒவ்வொன்றையும் சோதனை மெஷினில் மாட்டிக் காற்றை ஏற்றி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று முள்ளைப் பார்ப்போம். ஐந்தின் சராசரியைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு புள்ளியாக வைப்போம். தாளின் நடுவில் ஒரு கோடு, மேலும் கீழும் இரண்டு சிவப்புக் கோடு. புள்ளி சிவப்புக்குள் ஆடினால் அது இயல்பான ஆட்டம், கை வைக்கக் கூடாது. வெளியே போனால் அதற்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கிறது. மெஷினை நிறுத்தி, அந்தக் காரணத்தைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். கோயம்புத்தூரில் மூன்று நாள் வகுப்பில் படித்துவிட்டு வந்து இதைப் பட்டறையில் தொடங்கிவைத்தவன் நான். அதற்கு முன்னால் நூற்றுக்கு எட்டு வால்வு கழியும். பிறகு ஆயிரத்துக்கு இரண்டு. என்னைப் பற்றி எதை எழுதினாலும் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

போன வருஷம் குக்கர் கம்பெனிக்காரர்கள் ஒன்று சொன்னார்கள். வருஷம் முழுக்க ஒரு புள்ளிகூட வெளியே போகாமல் இருந்தால், இனி உங்கள் சரக்கை நாங்கள் சோதிக்கவே மாட்டோம், உங்கள் தாளே போதும். என் தாளே போதும் என்கிறார்கள் சார். ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும். பதினோரு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள், காலை பத்து மணிப் புள்ளி. வால்வை அளக்கிறவள் ஆவுடையம்மாள். மேலகரத்துக்காரி, வேலையில் சுத்தம். அவள் வீட்டுக்காரர் வல்லிநாயகம் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார். ஒரே பெண் மீனா, ப்ளஸ் ஒன் படிக்கிறாள்.

"அண்ணாச்சி, இங்கன வந்து பாருங்க, முள்ளு எங்கன போவுதுன்னு" என்றாள்.

ஐந்து வால்வுமே திறக்க மாட்டேன் என்று நின்றன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள். "நகம் பதியலை அண்ணாச்சி. கல்லு மாதிரில்லா இருக்கு."

ரப்பரை இறுக்குகிற கந்தகம் கலவையில் இரண்டு தடவை விழுந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குள் அவள் புள்ளியை வைத்துவிட்டாள். சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே, இடம் போதாமல் தாளின் விளிம்பில்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் அதை அழித்துவிட்டு உள்ளே ஒன்று வைத்தேன். சரியாக நடுக்கோட்டில் வைத்தால் சந்தேகம் வரும், கொஞ்சம் தள்ளித்தான் வைத்தேன். அந்த மணிநேரத்துச் சரக்கு முந்நூறு வால்வையும் அரவை மெஷினில் போட்டு அரைத்தேன். கெட்ட சரக்கு ஒன்றுகூட யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் மேஜை டிராயரில் போட்டுவைத்தேன். ஏன் வைத்தேன் என்று அன்றைக்கு எனக்கே தெரியாது.

திரும்பி வந்தவள் தாளைப் பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, புள்ளி எறங்கி வந்துல்லா உக்காந்திருக்கு" என்று சிரித்தாள். பக்கத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அளந்ததில் கோளாறு என்று சொன்னேன்.

"எங் கையிலயா கோளாறு? ஆறு வருசமா அளக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆயுத பூசை முடியட்டும், மொதலாளிட்ட நானே பக்குவமா சொல்லுதேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க எதுக்குப் பயப்படுதிய?"

அவள் சொன்னது உண்மை. இஸ்மாயில் முதலாளி, "போனாப் போவுது சங்கரு, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு பொம்பளை எனக்காகப் பரிந்து பேசி, முதலாளி என்னை மன்னித்து, நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதுவரை தனிக் காரணம் கந்தகம் என்று நினைத்திருந்தேன். அது ஆவுடையம்மாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பூசைக்கு முதலாளி எல்லோருக்கும் ஆளுக்கொரு குக்கர் கொடுப்பார். அவர் கடையநல்லூர் முஸ்லிம், இருந்தாலும் ஒரு வருஷம் தவற விட்டதில்லை. அந்தக் குக்கர்களுக்கு வால்வு மாட்டுவதும் பெட்டியில் பேர் ஒட்டுவதும் என் பொறுப்பு. பதினோரு மூடியில் நல்ல வால்வு மாட்டினேன். பன்னிரண்டாவதில் டிராயரில் இருந்ததை மாட்டி, ஆவுடையம்மாள் என்று பேர் ஒட்டினேன். நாள் முழுக்க வால்வு பார்க்கிறவள் வீட்டிலும் போய் வால்வைத் திருப்பிப் பார்ப்பாளா. பார்க்க மாட்டாள் என்று தெரியும்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை சார், அந்தச் சொல்லை எழுதாதீர்கள். சோதித்துப் பார்க்க நினைத்தேன். அவள் கல் என்று சொன்ன வால்வு அவள் அடுப்பிலேயே ஒழுங்காக இருந்தால், அவள் அளவு தப்பு, என் புள்ளி சரி.

பூசை அன்று குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "போங்க அண்ணாச்சி, அந்தப் புள்ளியப் பத்தி நான் யார்ட்டயும் சொல்லப் போறதில்லை. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள். அப்போதே பெட்டியை வாங்கி வேறு வால்வு மாட்டிக் கொடுத்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. ஆனால் சோதனை தொடங்கிவிட்டது. பாதியில் கை வைப்பது முறை இல்லை.

மறுநாளிலிருந்து வந்ததும் கேட்பேன், குக்கர் எத்தனை விசில் என்று. "நாலு அண்ணாச்சி." "இன்னிக்கு அஞ்சு." ஒரு நாள், "ஒங்களுக்கு வேற சோலியே இல்லியா?" என்று கேலி செய்தாள். தினமும் ஒரு நோட்டில் புள்ளி வைத்தேன். நடுவில் கம்பெனிக் கடிதம் வந்தது, முதலாளி அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். என் நோட்டில் முப்பத்தேழு வேலை நாளுக்கு முப்பத்தேழு புள்ளி. ஒன்றுகூட வெளியே இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் நல்ல மழை. பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் குடையை உதறிக்கொண்டே, "இன்னிக்கு மீனாதான் சமைக்கா அண்ணாச்சி. கொள்ளு வேக வைக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். ஆள் மாறினால், கலவை மாறினால், தாளின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது விதி. "சமைப்பவர் மாற்றம்" என்று நோட்டின் ஓரத்தில் குறித்தேன். கொள்ளின் தோல் பறந்து விசில் வழியை அடைக்கும் என்று எனக்குத் தெரியும். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. குறித்துவிட்டு நோட்டை மூடினேன்.

பதினொன்றரைக்கு வல்லிநாயகம் போன் போட்டார், குக்கர் வெடித்துவிட்டது என்று. ஆவுடையம்மாள் கையில் வால்வோடு அப்படியே நின்றாள். நான்தான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளை மூன்று நாள் கிடந்தாள். மீனா என் சோதனையில் இல்லை சார். இதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஆவுடையம்மாள் பட்டறைக்கு வந்தாள். முந்தி முடிச்சை அவிழ்த்து அந்த வால்வை எடுத்தாள். போலீஸ் வருவதற்கு முன்னாலேயே மூடியிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறாள். எனக்கு முன்னால் நின்று அதைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினாள்.

"நகம் பதியலை அண்ணாச்சி."

மெஷினில் மாட்டிக் காற்றை ஏற்றினாள். முள் கடைசி வரைக்கும் போய் முட்டி நின்றது. முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

"தெனமும் எத்தனை விசிலுன்னு கேட்டியளே. எதுக்கு அண்ணாச்சி கேட்டிய?"

விசில் வந்த முப்பத்தேழு நாளும் வால்வுக்கு வேலையே கிடையாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பேனாவை எடுத்தாள். தாளில் இடம் இல்லை. தாளுக்கு மேலே, வெறும் சுவரில், ஒரு முழம் தள்ளிப் புள்ளியை வைத்தாள். முதலாளி என் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்தார். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டார்.

நான் செய்ததை ஒப்புக்கொள்கிறேன். கெட்டது என்று தெரிந்தேதான் அந்த வால்வை மாட்டினேன். பேரை ஒட்டியதும் நான்தான். ஒரே ஒரு விண்ணப்பம். சுவரில் அவள் வைத்த புள்ளியை நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனீர்கள், அதை ஆதாரத்தில் சேர்க்காதீர்கள். விதிப்படி ஐந்தை அளந்து சராசரி போட வேண்டும் சார், அவள் ஒன்றைத்தான் அளந்தாள்.