செவ்வாய்க்கிழமை லேசர்

— முட்டிக்குப் பின்னாடியும் பாருங்க மேடம். நரம்பு மண்புழு மாதிரி சுருட்டிக்கிட்டு நிக்குது.

— ஸ்கேன்ல தெரியுதும்மா. அசையாம நில்லுங்க.

— நிக்கறதுதானே என் பொழைப்பு. ஜவுளிக்கடையில இருபத்திரண்டு வருஷம். உட்கார்ந்தா சூப்பர்வைசர் முறைப்பார், நின்னா கால் முறைக்கும்.

— நரம்பு புடைச்சு எத்தனை நாளாச்சு?

— கால் கடுக்கறது பழைய கதை. இது ஒரு மூணு மாசமாத்தான், அதுவும் இடது கால்ல மட்டும். செவ்வாய்க்கிழமை லேசர் வச்சு அடைச்சுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் கொஞ்ச நாள் இறுக்கமான காலுறை போட்டா போதுமாம். கடையில லீவும் சொல்லியாச்சு.

— இருபத்திரண்டு வருஷமா வராதது மூணே மாசத்துல வந்திருக்கு.

— ஏன் மேடம் ஒரு மாதிரி சொல்றீங்க?

— மேல ஏறிப் படுங்கம்மா. வயித்தையும் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கார்.

— கால் நரம்புக்கு வயித்துல என்ன வேலை?

— உள்ளே ஏதாவது அழுத்திக்கிட்டிருந்தா ரத்தம் மேல ஏற முடியாம கால்ல தேங்கும். ஜெல் தடவறேன், ஜில்லுன்னு இருக்கும். வயிறு எப்போலருந்து இப்படி இருக்கு?

— ஊதிப்போச்சு மேடம். வேளாவேளைக்கு எங்கே சாப்பிடறேன். உள்ளே என்னமோ புரளுது, கேஸ்தான்னு மாத்திரை போட்டுக்கறேன்.

— மாதவிலக்கு?

— நின்னு அஞ்சு மாசமாச்சு. நாப்பத்திநாலு வயசு, முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். ஏன், அங்கே என்ன இருக்கு?

— பேசாதீங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க.

— மேடம்.

— கொஞ்சம் பொறுங்க. அளந்துக்கிட்டிருக்கேன்.

— அளக்கற அளவுக்கு இருக்கா?

— கூட யார் வந்திருக்காங்க?

— வர்றதுக்கு யார் இருக்கா. வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆகுது. வேலைக்குக் கிளம்பின மனுஷன், பஸ் ஸ்டாப்புலயே சரிஞ்சுட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில உனக்கு நான், எனக்கு நீன்னு இருந்தோம். அதுவும் போச்சு.

— அக்கா, தங்கச்சி யாராவது?

— ஒரு அக்கா இருக்கா. மேடம், எங்க அம்மாவும் இப்படித்தான் ஸ்கேனுக்குப் படுத்தாங்க. வயித்துல கட்டி. கடைசி வரைக்கும் கேஸ்தான், கேஸ்தான்னு நாங்க ரெண்டு பேரும் அவங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னோம். எனக்கு அப்படி வேண்டாம். இருக்கறதை நேரா சொல்லிடுங்க.

— செவ்வாய்க்கிழமை லேசர் பண்ண முடியாதும்மா.

— அவ்வளவு முத்திப்போச்சா?

— முதல்ல உங்க அக்காவைக் கூப்பிடுங்க.

— சொல்லிடுங்க மேடம். தாங்கிக்குவேன்.

— கட்டியா இருந்தா இப்படித் துடிக்காதும்மா. சத்தத்தைக் கூட்டறேன், நீங்களே கேளுங்க. அஞ்சு மாசக் குழந்தை.