தீவு மூன்று முறை பேச வேண்டும்

பம்மலில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான் சார். மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள். நான் ரேடியோவைத் தேடுவேன். டிவி, மோட்டார், சார்ஜர் எல்லாம் ரேடியோவுக்குள் கிளப்புகிற இரைச்சல் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் என் பெட்டிக்குத் திருவிழாதான்.

சினிமாப் பாட்டு கேட்கிற பெட்டி இல்லை அது. விமானங்களுக்கு வழிகாட்ட ஊர் ஊராக ரேடியோ கம்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை இரண்டு மூன்று எழுத்தில், மோர்ஸ் ஒலியாக, விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். புள்ளியையும் கோட்டையும் வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். நூற்றுப் பதினோரு ஊர் பிடித்திருக்கிறேன். வயது ஐம்பத்தாறு, ஆனால் ஒவ்வொரு முறையும் கால் தரையில் நிற்காது.

அடுத்தது இந்தியப் பெருங்கடலில் ஒரு குட்டித் தீவு. ஆறு மாதமாக விடிவதற்கு முன் லேசாக வந்து ஆசை காட்டியது. டயலில் அதே இடத்தில் மாடி வீட்டு இரைச்சல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. லாசரஸ் சாரின் ஆக்சிஜன் மெஷின். நுரையீரல் கெட்டுப்போய், அவர் அதை வைத்துத்தான் மூச்சு விட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனைக்குக் கிளம்பிய அவர் மனைவி ஜெயசீலி டீச்சர், என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"பொன்னுசாமி அண்ணா, ஆறு மணிக்குள்ள வந்துடுவேன். கரண்ட் போச்சுன்னா மட்டும் மேல போய் சிலிண்டரைத் தொறந்து விட்டுடுங்க. அவரால எழுந்துக்க முடியாது."

"நிம்மதியா போய்ட்டு வாங்க டீச்சர், நான் முழிச்சுக்கினுதான் இருப்பேன்."

நாலே முக்காலுக்கு, மாடிப்படிக்கு அடியில் அவர்கள் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். இரண்டே நிமிடம் போதும் என்றுதான் நினைத்தேன். ஹெட்போனை மாட்டினால், துடைத்துவிட்ட மாதிரி அமைதி. நடுவில் தீவு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; தெரு எழுந்துவிடப் போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

இந்தப் பொழுதுபோக்கில் எங்களுக்குள் ஒரு விதி உண்டு. அடையாளம் மூன்று முறை முழுதாகக் கேட்டால்தான் நோட்டில் ஏற்றலாம். இரண்டு முறை கணீரென்று வந்தது. மூன்றாவது பாதியில் தேய்ந்து, தீவே மறைந்துபோனது. நான் பொய் எழுதுகிறவன் இல்லை சார். காத்திருந்தேன்.

அப்போது மேலே தரையில் கைத்தடி தட்டியது, ஹெட்போனைத் தாண்டி. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. யார், எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதை மறைக்கவும் இல்லை, நோட்டைப் பாருங்கள்: 4.52, உள்ளூர் இரைச்சல். 5.03, இரைச்சல் நின்றது.

அவர் மூச்சை நிறுத்தியது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார்: 5.04, தீவு, மூன்றாம் முறை, ஓர் எழுத்து பிசகாமல்.