பஞ்சை எடுக்காதீங்க

பஞ்சை எடுக்காதீங்க தம்பி. எடுத்து எடுத்துப் பாத்தா ரத்தம் எப்படி நிக்கும்? தாடையில அப்படியே வெச்சு அழுத்துங்க. இன்னும் கொஞ்சம் பலமா. வலிக்காது, நான் ஊசியிலயே கிடக்கற ஆளு.

உங்க கை மேல தப்பில்ல. சின்னக் கீறல்தான். வேற ஆளா இருந்தா படிகாரத்தைத் தடவிட்டு எந்திரிச்சுப் போயிருப்பான். என் ரத்தம் அப்படி. பல வருஷமா டயாலிசிஸ்ல இருக்கேன். ஆமா, கிட்னிதான். இந்த முழுக்கைச் சட்டைக்குள்ள நரம்பு கயிறு மாதிரி புடைச்சிருக்கும். காட்டட்டுமா? சரி, வேணாம்.

முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். சொல்லியிருந்தா நீங்க சவரக் கத்தியத் தொட்டிருப்பீங்களா? வழக்கமா வீட்டுல ஷேவிங் மெஷின்லதான் ஓட்டிக்குவேன். அதுல மழமழன்னு வராது. இன்னிக்கு எனக்கு மழமழன்னு வேணும்.

ரத்தத்துல பிளேட்லெட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, காயம் பட்டா ஓடி வந்து அடைக்குமே, அதுதான். உப்பு ஏறின ரத்தத்துல கிடந்து கிடந்து அதுக்கு மந்தம் தட்டிப்போச்சாம். டயாலிசிஸ் மெஷினுக்குள்ள போய்ப் போய் வந்ததுல கொஞ்சம் தேஞ்சும் போச்சாம். போதாக்குறைக்கு, டியூப்ல ரத்தம் உறையக் கூடாதுன்னு ஒரு மருந்து ஏத்துவாங்க. காலையிலதான் ஏத்திக்கிட்டு வரேன். நான் தண்ணிக் குழாய் வேலை பாத்தவன் தம்பி. ஊர்ல இருக்கற ஒழுகலையெல்லாம் நிறுத்தினவன். சிரிங்க, பரவாயில்ல. சிரிச்சுக்கிட்டே அழுத்துங்க.

ஊறுதா? அதை உரிக்காதீங்க, ஒட்டினதும் சேந்து பிச்சுக்கும். மேல இன்னொரு பஞ்சு வைங்க.

காலர்ல பட்டுருச்சா? எங்க, கண்ணாடியக் காட்டுங்க. ஒரு துளிதான். பச்சைத் தண்ணியில துணிய நனைச்சுக் குடுங்க, நானே தொடச்சுக்கறேன். நீங்க கையை எடுக்காதீங்க.

ஆஸ்பத்திரிக்கா? வேணாம், ஃபோனைக் கீழ வைங்க. டாக்டரம்மா ஏற்கனவே எம்மேல கடுப்புல இருக்காங்க. ரத்தம் இப்படியே கெட்டுக்கிட்டுப் போகுது, இனிமே தள்ளிப்போடாதீங்க, வேற கிட்னி வெச்சுருவோம்னு போன வாரம் சொன்னாங்க. வீட்டுல பேசறேன்னு தலையாட்டிட்டு வந்தேன். அவங்க அவசரப்படுத்தினதப் பத்தி இன்னும் யாருகிட்டயும் வாயே திறக்கல.

அந்த வெள்ளைக் காரா... இல்ல, அது வேற யாரோ. எம்மகள் வரா, அதான் வாசலையே பாக்கறேன். இங்கயிருந்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறா. வந்து கேட்டா, இப்பதான் கீறுச்சுன்னு சொல்லுங்க. ரொம்ப நேரமா நிக்கலன்னு உளறிடாதீங்க. அப்பா தெம்பாத்தான் இருக்காரு, அவசரம் ஒண்ணுமில்லன்னு அவளுக்குத் தோணணும்.

எதுக்கு அவசரமா? அது ஒண்ணுமில்ல தம்பி. அவ கிட்னி எனக்குச் சேரும்னு டெஸ்டுல வந்துருச்சு. இப்பவே குடுக்கறதா, கொஞ்ச நாள் பொறுக்கலாமான்னு, என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்றேன்னிருக்கா.