ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம்

— நிண்டுபோன நெஞ்சுக்கு ஷொக் குடுக்கிற மெசின் இன்னொண்டோ? தை மாசந்தான் சுனாமிக்கெண்டு வீடு வீடாய்ப் போனனாங்கள். திரும்பவும் சனத்திட்டைக் கை நீட்டேலுமே, தங்கச்சி?

— ஒருத்தரையும் கேக்கேல்லை, சற்குணம் அண்ணை. என்ரை மனுசன்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் நினைவுப் புத்தகம் அடிக்கேல்லை. அந்தக் காசு இருக்கு.

— இஞ்சை மண்டபத்துச் சுவரிலை ஒண்டு பெட்டியோடை தொங்குதுதானே.

— மண்டபத்தைப் பூட்டினால் அதுவும் உள்ளுக்கை. நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுற ஆள், திறக்குமட்டும் காத்திருக்குமோ? மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலை, எல்லாருக்கும் பொதுவாய் ஒண்டு. பாலேந்திரா எண்டு இவற்றை பேர் போட்டு. சங்கச் செயலாளர் கையெழுத்து இருந்தால் கவுன்சில் விடும்.

— போடுறன், போடுறன். எங்கை என்ரை கண்ணாடி?

— தலையிலை, அண்ணை. ... இதென்ன, இந்த மெசின் பெட்டியிலை மஞ்சளாய்?

— சந்தனம்! ஆயுத பூசைக்கு வைச்சது. பூட்டின பெட்டிக்கோ பூசை செய்யிறது? உள்ளுக்கை கிடந்தது முழுக்க எடுத்துத் தாம்பாளத்திலை பரப்பினன்.

— முழுக்க எண்டால்?

— மெசின், வயர், அந்த ரெண்டு வெள்ளைப் பாட்ஸ். பாக்கெட்டை நான்தான் கத்தரிக்கோலாலை வெட்டினனான்.

— அது நெஞ்சிலை ஒட்டுறது, அண்ணை. போன கிழமை முதலுதவி வகுப்பிலை சொல்லித் தந்தவை. அவசரத்துக்குத்தான் பாக்கெட்டைக் கிழிக்கவேணுமாம். பசை காஞ்சால் ஒட்டாது. ஒட்டாட்டி மெசின் ஷொக் குடுக்காது.

— அப்ப நல்ல பிசுபிசுப்பாய்த்தான் இருந்தது. தாளை உரிச்சு, ஐயர் அதிலையும் ஒரு பொட்டு வைச்சவர். பிறகு வடிவாய் மடிச்சு உள்ளுக்கை வைச்சிட்டன்.

— இவர் விழுந்தது பூசைக்குப் பிறகு.

— ஓம், மூண்டு கிழமை. இஞ்சை மண்டபத்திலைதான் பட்மின்ரன் விளையாடிக்கொண்டு நிண்டவர். ஏன் எழும்பினனீர்? இரும், வசந்தமலர்.

— மெசினாலையும் ஏலாமல் போச்சு எண்டு சொன்னனீங்கள்.

— ஏலாமல்தானே போச்சு.

— அண்டைக்கு அது என்ன சொன்னது? சொல்லுக்குச் சொல் சொல்லுங்கோ.

— ஒரே பல்லவி. 'செக் பாட்ஸ், செக் பாட்ஸ்.' பொம்பிளைக் குரல். காது கிழிஞ்சுபோச்சு.

— அம்புலன்ஸ் வருமட்டும் அப்பிடியே சொல்லிக்கொண்டிருந்ததோ?

— சீச்சீ! போற மனுசன்ரை காதிலை அதுவோ விழவேணும்? நான்தான் மெசினை நிப்பாட்டிப்போட்டு, தலைமாட்டிலை இருந்து தேவாரம் பாடினனான்.